‘ஹவுண்ட் டாக்’ பாட்டுக்குள் முயல் வந்த கதை

எல்விஸ் பிரெஸ்லியின் ‘ஹவுண்ட் டாக்’ பற்றி ரொம்ப நாளாக என்னிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருந்தது. கறுப்பினப் பெண் ஒருவர் பாடிய பாட்டு, அதை வெள்ளைக்காரப் பையன் ஒருவன் எடுத்துப் பாடிப் பெரிய ஆளானான், அந்த அம்மாவுக்கு மிஞ்சியது 500 டாலர். மூன்றே வரிதான். சொல்வதற்கு வசதியான கதை, சொன்னால் கேட்கிறவர்களும் உச்சுக் கொட்டுவார்கள். நானும் சில பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் வம்பு. கேட்கக் கேட்க ஒரு விஷயம் உறுத்தியது. எல்விஸ் பாடுவது அந்த அம்மாவின் பாட்டே இல்லை! தலைப்பு ஒன்று, முதல் வரி ஒன்று, அதற்கப்புறம் தாளம் வேறு, வேகம் வேறு, சொற்களில் பாதி வேறு. அந்த அம்மா பாடியதில் இல்லாத ஒரு முயல் இதில் ஓடுகிறது. அந்த முயல் எங்கிருந்து வந்தது என்று தேடப் போனதில்தான் என்னுடைய மூன்று வரிக் கதை சிக்கலாகிப் போனது. பொய் என்று ஆகிவிடவில்லை. ஆனால் அதில் வில்லனாக நான் நிறுத்தி வைத்திருந்த ஆள், நிறுத்திய இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறார்.

முதலில் மூலத்தைப் பார்ப்போம். வில்லி மே தார்ன்டன், மேடைப் பெயர் ‘பிக் மாமா’ தார்ன்டன். 1926-ல் அலபாமா மாநிலத்தில் பிறந்தவர். அப்பா பாதிரியார். பதினான்கு வயது வாக்கில் அம்மா இறந்துபோக, ஊர் ஊராகப் போகும் ஒரு கலைக்குழுவோடு வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். டிரம்ஸும் மவுத் ஆர்கனும் யாரிடமும் முறையாகப் படிக்காமல் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். 1948-ல் டெக்சஸின் ஹூஸ்டனில் போய்த் தங்கினார். நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு, மேடையிலும் வெளியிலும் பல நேரம் ஆண் உடைதான். 1950-களின் அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பெண் அப்படி நடமாடுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். ‘பிக் மாமா’ என்ற பெயர் நியூயார்க்கின் அப்பல்லோ தியேட்டரில் பாடியபோது ஒட்டிக்கொண்டது.

1952 ஆகஸ்டில் அவர் லாஸ் ஏஞ்சலஸில் இருந்தார். அவருக்குப் பாட்டு ஏற்பாடு செய்துகொண்டிருந்தவர் இசைக்குழுத் தலைவர் ஜானி ஓட்டிஸ். இந்த ஓட்டிஸே ஒரு விசித்திரம். கிரேக்கக் குடியேறிகளின் பிள்ளை, பிறவிப் பெயர் வெலியோட்டஸ். கறுப்பின மக்கள் நடுவில் வளர்ந்து, கறுப்பினப் பெண்ணை மணந்து, தன்னைக் கறுப்பினத்தவராகவே கருதி வாழ்ந்தவர். இவர் இரண்டு பையன்களைக் கூப்பிட்டு, இந்த அம்மாவுக்கு ஒரு பாட்டு வேண்டும், வந்து பாருங்கள் என்றார். பாட்டு எழுதும் ஜெர்ரி லீபர், மெட்டுப் போடும் மைக் ஸ்டோலர். இருவரும் யூதக் குடும்பத்துப் பிள்ளைகள், இருவருக்கும் வயது 19. லீபரின் அம்மா பால்டிமோரில் மளிகைக் கடை வைத்திருந்தார். கறுப்பினத்தவர் வீடுகளுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பது பையனின் வேலை. அந்த வீடுகளின் ரேடியோவில்தான் அவன் புளூஸ் கேட்டு வளர்ந்தான்.

ஒத்திகையில் தார்ன்டன் பாடுவதைப் பார்த்த இருவரும் அசந்து போனார்கள். உடனே காரில் ஏறி ஸ்டோலர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். லீபர் காரின் கூரையில் கையால் தாளம் தட்டிக்கொண்டே வரி பிடிக்க ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து கால் மணி நேரத்துக்குள் பாட்டு முடிந்துவிட்டது என்று பின்னாளில் சொன்னார்கள்.

ஆக, ‘கறுப்பினப் பெண்ணின் பாட்டு’ என்று நான் சொல்லிவந்த சாமான், காகிதத்தில், இரண்டு வெள்ளைக்காரப் பையன்கள் எழுதியது. முதல் அடி எனக்கு இங்கேயே விழுந்தது.

ஆனால் காகிதத்தில் இருந்தது எவ்வளவு, அந்த அம்மா கொண்டுவந்தது எவ்வளவு? இதில் இரண்டு தரப்பும் இரண்டு விதமாகச் சொல்கின்றன. எழுதியவர்கள் சொல்வது: தார்ன்டன் முதலில் அதை ஒரு காதல் பாட்டு மாதிரி இழைத்துப் பாட ஆரம்பித்தார், அப்படியில்லை, உறுமிப் பாட வேண்டும் என்று லீபர் சொன்னார், எனக்குப் பாடச் சொல்லித் தர வந்துவிட்டாயா என்கிற மாதிரி அந்த அம்மா சீறினார், கடைசியில் லீபரே பாடிக் காட்ட வேண்டியிருந்தது. தார்ன்டன் சொல்வது: பழுப்புக் காகிதப் பை ஒன்றின் பின்பக்கம் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார்கள், வரிகளைப் பாடும்போது என் சொந்தச் சரக்கையும் போட்டேன், நடுவில் வரும் பேச்சும் கூச்சலும் என்னுடையவை. பதிவைக் கேட்டால் இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்க இடமிருக்கிறது என்றே தோன்றுகிறது. உறுமச் சொல்லலாம். உறுமல் தொண்டையில்தான் இருக்க வேண்டும்.

1952 ஆகஸ்ட் 13 அன்று பதிவு. ஓட்டிஸ் டிரம்ஸில் உட்கார்ந்துவிட்டதால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பதிவை நடத்தும் பொறுப்பு அந்த இரண்டு பையன்களிடம் வந்து சேர்ந்தது. இரண்டே டேக்.

நீங்கள் கேட்டதில்லை என்றால் ஒரு முறை கேட்டுவிட்டு மேலே படியுங்கள். கிட்டத்தட்ட மூன்று நிமிடம். முன்னிசை என்று ஒன்றும் கிடையாது, குரல் நேரே வந்து இறங்குகிறது. பின்னால் பீட் லூயிஸின் கிட்டார், ஒரு பேஸ், டிரம்ஸ், கைதட்டல். அந்தக் காலத்து ஆர் அண்ட் பி பதிவுகளில் கட்டாயம் வரும் சாக்ஸபோன் கூட்டம் இதில் வாசிப்பதே இல்லை. ஒவ்வொரு வரிக்கும் கிட்டார் ஒரு பதில் சொல்கிறது. பதில் என்றால் ஆமாம் போடுகிற பதில் இல்லை, குறும்பாக எதிர்த்துப் பேசுகிற பதில். நடுவில் கிட்டார் தனியாக வாசிக்கும்போது இந்த அம்மா சும்மா இருப்பதில்லை. வாசிக்கிறவரைப் பார்த்துப் பேசுகிறார், ஏவுகிறார், கிண்டல் செய்கிறார். தாளம் நிதானம், இடுப்பை ஆட்டுகிற நிதானம், கரீபியப் பக்கத்து ஆட்டத் தாளங்களின் சாயல் கொஞ்சம் உண்டு. பாடகர் தாளத்துக்குக் கட்டுப்படுகிற மாதிரித் தெரியவில்லை. வரி எப்போது தொடங்கும் எப்போது முடியும் என்பது அவர் இஷ்டம். கடைசியில் குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் நாய் மாதிரி குரைக்கிறார்கள், ஊளையிடுகிறார்கள். அங்கே இருந்த அத்தனை பேரும் சந்தோஷமாக இருந்திருக்கிறார்கள் என்பது காதுக்குத் தெரிகிறது.

பாட்டில் நாய் கிடையாது என்பதைச் சொல்ல வேண்டும். ‘ஹவுண்ட் டாக்’ என்பது வசவு. பெண்களை அண்டி, அவர்கள் சம்பாத்தியத்தில் உட்கார்ந்து தின்கிற ஆண். லீபர் இன்னும் காரமான ஒரு சொல்லைத்தான் போட நினைத்தாராம், ரேடியோவில் போட முடியாதே என்று இதில் வந்து நின்றார். ஓசிச் சோறு தின்னும் அப்படி ஒருத்தனை ஒரு பெண் வீட்டை விட்டுத் துரத்துகிறாள். அவ்வளவுதான் பாட்டு. ஆனால் கெஞ்சலும் அழுகையும் இல்லாமல், அந்த வீடும் கதவும் சம்பாத்தியமும் தன்னுடையவை என்று தெரிந்த ஒரு பெண் பேசுகிறாள். 1953-ல் ரேடியோவில் அந்தக் குரல் கேட்டது.

நன்றாகவே கேட்டது. ஹூஸ்டனின் பீகாக் ரெக்கார்ட்ஸ் அதை 1953 தொடக்கத்தில் வெளியிட்டது. பில்போர்டின் ஆர் அண்ட் பி பட்டியலில் ஏழு வாரம் முதலிடம். ஊர் ஊராகப் பாடப் போய்க்கொண்டிருந்த தார்ன்டன், தன் பாட்டு நாடெங்கும் ஓடுகிறது என்பதைக் கார் ரேடியோவில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். அதற்காகத் தனக்கு வந்தது 500 டாலருக்கு ஒரே ஒரு செக், அதற்குப் பின் ஒரு காசும் வரவில்லை என்பதைக் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் செக்கைக் கொடுத்தது யார்? இரண்டாவது அடி இங்கே. பீகாக் கம்பெனியின் முதலாளி டான் ராபி, கறுப்பினத் தொழிலதிபர். கறுப்பினத்தவர் கையில் இருந்த இசைக் கம்பெனிகளில் அன்று மிக முக்கியமான ஒன்றை நடத்தியவர், அதில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. அதே ராபி, பாட்டு எழுதியவர்களிடம் மொத்தமாகக் காசு கொடுத்துப் பாட்டை வாங்கி, ‘டெட்ரிக் மலோன்’ என்ற புனைபெயரில் தன்னையே ஆசிரியராகப் போட்டுக்கொண்டவர். லீபர், ஸ்டோலர் இருவருக்கும் அவர் கொடுத்த 1,200 டாலர் செக்கும் வங்கியில் செல்லவில்லை, அவரே நிறுத்திவிட்டார். எல்விஸுக்கு அப்போது பதினெட்டு வயது, மெம்ஃபிஸில் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டிருந்தார். தார்ன்டனுக்குப் போக வேண்டிய முதல் பணம் காணாமல் போனபோது அவர் அந்தப் பக்கத்திலேயே இல்லை.

ராபி மாதிரி ஆட்கள் நேர்மையாக இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமா? அதுவும் இல்லை. இங்கே சட்டம் என்ற ஒன்று வருகிறது. கொஞ்சம் வறட்சியான பகுதி, ஆனால் இதை விட்டால் மீதி எதுவும் புரியாது.

அன்றைக்கு அமெரிக்காவில் நடப்பில் இருந்தது 1909-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். அதன்படி ‘பாட்டு’ என்றால் சொல்லும் மெட்டும். அதை எழுதியவருக்கும் பதிப்பித்தவருக்கும்தான் உரிமை. ஒரு பாட்டு ஒரு முறை இசைத்தட்டாக வந்துவிட்டால் அதற்குப் பின் யார் வேண்டுமானாலும் அதைப் பாடிப் பதிவு செய்யலாம். அனுமதி கேட்க வேண்டியதில்லை, ஒரு பிரதிக்கு 2 சென்ட் கட்டினால் போதும். அந்த 2 சென்ட்டும் பாடகருக்குப் போகாது. பாடிய விதம், இழுத்த இழுப்பு, உறுமல், நடுவில் போட்ட பேச்சு, இது எதற்கும் சட்டத்தில் பெயரே இல்லை. ஒலிப்பதிவுக்கென்று கூட்டாட்சிக் காப்புரிமை வந்தது 1972-ல்தான். சாதாரண ரேடியோவில் ஒரு பாட்டு ஒலித்தால் அமெரிக்காவில் பாடினவருக்கு இன்றைக்கும் காசு கிடையாது, எழுதினவருக்கு மட்டும்தான்.

இதனால்தான் அந்தக் காலத்தில் ‘கவர்’ என்ற சொல்லுக்கு இன்றைய மரியாதை கிடையாது. கறுப்பினப் பாடகர் ஒருவரின் தட்டு ஓட ஆரம்பிக்கும். அதே வாரங்களில் பெரிய கம்பெனி ஒன்று வெள்ளைக்காரப் பாடகரை வைத்து அதையே சோப்புப் போட்டுக் கழுவிப் பதிவு செய்யும். வெள்ளைக்கார ரேடியோக்கள் அதைப் போடும். விற்பனை அங்கே போய்விடும். லிட்டில் ரிச்சர்டின் ‘டூட்டி ஃப்ரூட்டி’யைப் பேட் பூன் பாடியது அப்படித்தான். லாவெர்ன் பேக்கரின் ‘ட்வீட்லி டீ’ பாட்டை ஜார்ஜியா கிப்ஸ் பாடியபோது ஏற்பாட்டிலிருந்து இழுப்பு வரை அப்படியே வந்து இறங்கியது. பேக்கர் கொதித்துப் போய், சட்டத்தை மாற்ற வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கே எழுதினார். ஒன்றும் நடக்கவில்லை.

எல்விஸின் ‘ஹவுண்ட் டாக்’ இந்த வகையில் சேராது. மூல வெளியீட்டுக்கும் அதற்கும் மூன்று வருட இடைவெளி. தார்ன்டனின் தட்டு ஓடி முடிந்துவிட்டது. அதன் விற்பனையை எல்விஸ் பறித்தார் என்று சொல்ல வழியில்லை. மூன்று வருடத்தில் பாட்டு வேறு கைகள் பலவற்றுக்குப் போய் வந்திருந்தது. அதே 1953-லேயே கன்ட்ரி பாடகர்கள் பலர் பதிவு செய்தார்கள். மெம்ஃபிஸில் சாம் ஃபிலிப்ஸின் சன் ரெக்கார்ட்ஸ், ரூஃபஸ் தாமஸ் என்ற கறுப்பினப் பாடகரை வைத்து ‘பேர் கேட்’ என்று ஓர் எதிர்ப்பாட்டு போட்டது. துரத்தப்பட்ட ஆண் திருப்பித் திட்டுகிற பாட்டு, மெட்டு அதே மெட்டு. ராபி வழக்குப் போட்டு ஜெயித்தார். அடுத்த வருடம் அதே சன் ரெக்கார்ட்ஸில்தான் எல்விஸின் முதல் தட்டு வந்தது என்பது வரலாற்றின் சின்னச் சிரிப்பு.

இப்போது முயலுக்கு வருகிறேன். ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஃப்ரெடி பெல் அண்ட் தி பெல்பாய்ஸ் என்ற குழு, 1955-ல் இந்தப் பாட்டை டீன் ரெக்கார்ட்ஸ் என்ற சின்னக் கம்பெனிக்குப் பதிவு செய்தது. கம்பெனிக்காரர் பெர்னி லோ, எல்லா வீட்டிலும் கேட்கிற மாதிரி வரிகளைச் சுத்தம் செய்யச் சொன்னார். பெண், ஆண், வீடு, சம்பாத்தியம் எல்லாம் வெளியே போயின. அழுதுகொண்டே இருக்கிற ஒரு நிஜ நாயும், அது பிடிக்காத ஒரு முயலும் உள்ளே வந்தன. வசவாக இருந்த நாய், நாயாகவே ஆகிவிட்டது! தாளமும் மாறியது, மேடையில் துள்ளுகிற வேகம் வந்தது. பெல்பாய்ஸ் இதை லாஸ் வேகாஸ் ஹோட்டல் மேடைகளில் ஒரு கேலிப் பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

1956 ஏப்ரல் கடைசியில் எல்விஸ் வேகாஸுக்கு வந்தார். நியூ ஃப்ரான்டியர் ஹோட்டலில் இரண்டு வார நிகழ்ச்சி. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்த நடுத்தர வயதுக்காரர்களுக்கு இவரைப் பார்த்து ஒன்றும் பிடிபடவில்லை. நிகழ்ச்சி சொதப்பல். ஓய்வு நேரத்தில் சாண்ட்ஸ் ஹோட்டலுக்குப் போய் பெல்பாய்ஸைப் பார்த்தார். பாட்டு பிடித்துப் போனது. அதைத் தன் மேடை நிகழ்ச்சியின் கடைசிப் பாட்டாக வைத்துக்கொண்டார். தார்ன்டனின் பதிவு அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பு குறைவு, ஆர் அண்ட் பி தட்டுகளைத் தேடித் தேடிக் கேட்டவர். ஆனால் அவர் எடுத்துக்கொண்டது பெல்பாய்ஸின் வடிவத்தை, முயலோடு சேர்த்து.

எனவே எல்விஸ் பாடியது கவரின் கவர். நான் ஒப்பிட வேண்டியது இரண்டு பதிவுகளை அல்ல, மூன்றை.

ஜூன் 5, மில்டன் பெர்ல் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சி. எல்விஸ் கிட்டார் இல்லாமல், மைக்கை மட்டும் பிடித்துக்கொண்டு பாடுகிறார். படம் இருக்கிறது, பாருங்கள். பாட்டு முடியப்போகிறது என்று நினைக்கும்போது சட்டென்று வேகத்தைப் பாதியாக்குகிறார். இடுப்பு ஆட்டம் ஆரம்பிக்கிறது. மறுநாள் பத்திரிகைகள் பொங்கி எழுந்தன. ஆபாசம், ஒழுக்கக்கேடு என்று நாடே பேசியது. நான் இந்தப் படத்தைப் பலமுறை ஓட்டிப் பார்த்தேன். என் காதுக்கு ஒன்று தெளிவாகப் படுகிறது. கூச்சலைக் கிளப்பியது பெல்பாய்ஸின் துள்ளல் பகுதி அல்ல. கடைசியில் வந்த அந்த மந்தகதிப் பகுதிதான், அது தார்ன்டனின் நடைக்குப் பக்கத்தில் போகிறது. சொற்களைச் சுத்தம் செய்து துரத்திவிட்ட சமாச்சாரம், தாளத்தின் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. அன்று அமெரிக்க வீடுகள் அதிர்ந்தது அதைப் பார்த்துத்தான் என்பேன்.

அடுத்து ஜூலை 1, ஸ்டீவ் ஆலன் நிகழ்ச்சி. ஆபாசம் இல்லாமல் காட்டுகிறோம் என்று எல்விஸுக்கு வால் வைத்த கோட்டு மாட்டிவிட்டு, ஒரு பாசெட் ஹவுண்ட் நாயைக் கொண்டுவந்து மேடையில் உட்கார வைத்து, அதைப் பார்த்துப் பாடச் சொன்னார்கள். அவரும் பாடினார். சிரித்துக்கொண்டேதான் பாடினார், ஆனாலும் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. ஓசிச் சோறு தின்னும் ஆணைத் திட்டிய பாட்டு, நான்கு வருடத்தில் நிஜ நாயிடம் வந்து நின்றது.

மறுநாள், ஜூலை 2, நியூயார்க்கில் ஆர்.சி.ஏ. ஸ்டுடியோவில் பதிவு. நிஜமான எல்விஸ்தான் வேண்டும் என்று அட்டை பிடித்துக்கொண்டு ரசிகர்கள் வெளியே நின்றார்கள். உள்ளே அவர் பாடினார், பாடினார், பாடிக்கொண்டே இருந்தார். 31 டேக். தார்ன்டனுக்கு இரண்டு போதுமாக இருந்தது என்று இங்கே கிண்டல் செய்யத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த இரண்டு மூன்று நிமிடத்துக்காக அவர் எதையோ தேடிக்கொண்டிருந்தார் என்பதுதான் சரி. ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு, வேண்டாம், இன்னொன்று என்று போய், கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே.

அந்தப் பதிவில் கேலி இல்லை. பெல்பாய்ஸின் கேலியைத் தூக்கி எறிந்துவிட்டார். இரண்டே கால் நிமிடம், குரல் முதல் நொடியிலிருந்தே கோபம். டி.ஜே. ஃபான்டானாவின் டிரம்ஸ் ஒவ்வொரு சரணத்துக்கும் நடுவில் சடசடவென்று உருட்டுகிறது, தகரக் கூரையில் கல்மழை பெய்த மாதிரி. ஸ்காட்டி மூரின் கிட்டார் கரகரவென்று கிழிகிறது. கைதட்டல் இங்கேயும் உண்டு, ஆனால் தார்ன்டன் பதிவில் அது கூடியிருந்தவர்களின் கொண்டாட்டம், இங்கே சுத்தியல் அடி. மூச்சு விட இடமே இல்லை. தார்ன்டன் தாளத்தின் மேல் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறார், எல்விஸ் தாளத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போகிறார்.

யார் மேல் இவ்வளவு கோபம்? அதுதான் தெரியாது. வரிகளில் ஆள் இல்லை, நாயும் முயலும்தான். தார்ன்டனின் கோபத்துக்கு ஒரு முகவரி உண்டு, ஒரு வீட்டு வாசல் உண்டு, காரணம் உண்டு. அதனால்தான் அதில் நகைச்சுவையும் இருக்கிறது, தன் பலம் தெரிந்தவர் சிரித்துக்கொண்டே திட்டலாம். எல்விஸின் கோபத்துக்கு முகவரி கிடையாது. முதல் நாள் கோட்டு மாட்டி நாய்க்கு முன்னால் நிறுத்தியதற்கான கோபம் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம், என்னால் அதை மறுக்கவும் முடியவில்லை, ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. ஆனால் முகவரி இல்லாத கோபம் என்பதாலேயே அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றானது. பதினைந்து வயதுப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். ‘டோன்ட் பி க்ரூயல்’ பாட்டோடு ஒரே தட்டாக வந்து, பதினொரு வாரம் முதலிடம். 1992 வரை அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை. ஆர் அண்ட் பி பட்டியலிலும் கன்ட்ரி பட்டியலிலும் அதுவே முதலிடம். கறுப்பினக் கேட்போர் அதைப் போலி என்று ஒதுக்கவில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எழுதியவர்களுக்கு இது தெரிய வந்த விதம் சினிமா மாதிரி. ஸ்டோலர் மனைவியோடு ஐரோப்பா போய்விட்டு ‘ஆண்ட்ரியா டோரியா’ என்ற இத்தாலியக் கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். 1956 ஜூலை 25 இரவு, அமெரிக்கக் கரையை நெருங்கும்போது ‘ஸ்டாக்ஹோம்’ என்ற கப்பல் வந்து மோதியது. விபத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், கப்பல் மறுநாள் காலை மூழ்கியது. ஸ்டோலர் தம்பதி உயிர்காப்புப் படகில் தப்பி, ஒரு சரக்குக் கப்பலில் நியூயார்க் வந்து சேர்ந்தார்கள். துறைமுகத்தில் மாற்றுத் துணியோடு காத்திருந்த லீபர் ஓடி வந்து சொன்ன செய்தி, நம்ம பாட்டு பெரிய ஹிட். தார்ன்டன் பாட்டா? இல்லை, எவனோ எல்விஸ் பிரெஸ்லியாம்.

கேட்டுப் பார்த்தபோது இருவருக்கும் பிடிக்கவில்லை. லீபருக்கு அந்த முயல் கடைசி வரை ஆறாத எரிச்சல், அர்த்தமே இல்லை என்பார். ஸ்டோலருக்கு அந்த வேகம் பதற்றமாகப் பட்டது. லட்சக்கணக்கில் விற்ற பிறகு அதில் நல்லது தெரிய ஆரம்பித்தது என்று தங்களையே கிண்டலும் செய்துகொண்டார்கள். அடுத்த வருடமே எல்விஸுக்காக ‘ஜெயில்ஹவுஸ் ராக்’ எழுதினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பாட்டுக்கு நீதிமன்றத்தில் உரிமை கொண்டாடியவர் தார்ன்டன் அல்ல, ஜானி ஓட்டிஸ். ஆரம்பத்தில் பாட்டின் ஆசிரியர்களில் ஒருவராக ஓட்டிஸின் பெயரும் இருந்தது. எல்விஸின் தட்டு ஓட ஆரம்பித்தபோது அந்தப் பெயர் அதில் இல்லை. வழக்குப் போட்டார். ஓட்டிஸோடு ஒப்பந்தம் போட்டபோது லீபரும் ஸ்டோலரும் 21 வயது நிரம்பாதவர்கள் என்பதும் வழக்கில் பேசப்பட்டது. 1957-ல் நியூயார்க் நீதிமன்றம் ஓட்டிஸுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எழுதியவர்கள், பதிப்பித்தவர்கள், ஏற்பாடு செய்தவர் எல்லாருக்கும் சண்டை போட ஒரு காகிதமாவது இருந்தது. தார்ன்டனிடம் அதுவும் இல்லை. அவர் கொடுத்தது குரல்தானே, அதற்குத்தான் சட்டத்தில் பெயரே இல்லையே.

அவருக்கு அப்புறமும் ஒரு முறை இதேபோல் நடந்தது. இந்த முறை பாட்டே அவர் எழுதியது, ‘பால் அண்ட் செயின்’. 1960-களின் தொடக்கத்தில் சின்னக் கம்பெனி ஒன்றுக்குப் பாடிக்கொடுத்தார். கம்பெனி தட்டை வெளியிடவும் இல்லை, உரிமையை விடவும் இல்லை. ஜானிஸ் ஜாப்ளின் இவரைத் தேடி வந்து கேட்டுக்கொண்டு பாடினார். 1967 ஜூனில் மான்டெரி விழாவில் அதைப் பாடித்தான் ஜாப்ளின் உலகத்துக்குத் தெரிந்தார். ஜாப்ளினும் பாட்டை மாற்றினார், வேகத்தைக் குறைத்தார், இன்னும் துயரமாக்கினார். ஆனால் பாட்டில் பேசுகிற பெண்ணை வெளியே அனுப்பவில்லை. கவர் என்றால் அப்படியே பாட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. எதை வேண்டுமானாலும் மாற்றலாம். ‘ஹவுண்ட் டாக்’கில் போனது ஒரு மனுஷி, அதுதான் எனக்கு உறுத்துகிறது. அவளை வெளியே அனுப்பியது வேகாஸ் மேடைக்காகப் பாட்டைக் கழுவியவர்கள். எல்விஸ் காலியான வீட்டுக்குள் வந்து சத்தம் போட்டவர். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் யோசிக்காமல் தார்ன்டனை எடுப்பேன்.

1965-ல் தார்ன்டன் அமெரிக்க புளூஸ் கலைஞர்களின் குழுவோடு ஐரோப்பா போனார். அங்கே அவர் ‘ஹவுண்ட் டாக்’ பாடிய படம் இருக்கிறது, கிட்டார் இளைஞராக இருந்த பட்டி கை. எல்விஸின் பதிவை உலகமே கேட்டு முடித்த பிறகு பாடுகிறார். முயல் இல்லை. வேகம் எடுக்கவில்லை. தன் நடையிலேயே, தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டே பாடுகிறார். நடுவில் கிட்டாரைப் பார்த்துப் பழையபடி ஏவுகிறார்.

குடி உடம்பைத் தின்றது. அந்தப் பெரிய உடம்பு கடைசியில் எலும்பும் தோலுமாக ஆனது. 1984 ஜூலை 25 அன்று லாஸ் ஏஞ்சலஸில், வாடகை விடுதி ஒன்றில் இறந்து கிடந்தார். வயது 57. ஜானி ஓட்டிஸ் இதற்குள் பாதிரியாராகவும் ஆகியிருந்தார். பாட்டுக்காக வழக்காடித் தோற்ற அந்த மனிதர்தான் வந்து இறுதிச் சடங்கை நடத்திக் கொடுத்தார். இங்கிள்வுட் கல்லறைத் தோட்டத்தில் அந்தக் குழி அவருக்கு மட்டும் உரியதல்ல. இன்னும் இருவரோடு பங்கிட்டுக்கொண்டது, கல்லில் மூன்று பெயர்கள்.